டவுனுக்குள் இளைஞர் பண்ணை நடத்துகிறவர்கள் யார், அவர்கள் சம்பளம் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: "டவுனுக்குள்ளேயே பண்ணை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, தலைமைப் பயிற்சி தருகிறோம் என்று சொல்லும் தொண்டு நிறுவனங்களை நடத்துகிறவர்கள் உண்மையில் யார்? சேவை என்று சொல்லிவிட்டுச் சம்பளமும் வாங்குகிறார்களே, நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா?"

நீங்கள் ஒரு பெற்றோராகத்தான் இருக்க வேண்டும். மகனோ மகளோ வந்து சனி, ஞாயிறு அங்கே போகிறேன் என்று சொல்லியிருக்கும், வீட்டில் யாராவது "மண்ணு கொத்தவா இத்தனை செலவு பண்ணிப் படிக்க வெச்சோம்" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

நான் சம்பளம் வாங்கினேன். பாலக்காடு டவுனை ஒட்டி, சந்திரநகர் பக்கம் 60 செண்ட் நிலத்தில் இப்படி ஒரு பண்ணையில் நான்கு வருடம் பண்ணைப் பொறுப்பாளராக இருந்தேன். மாதம் 18,000 ரூபாய். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் மாமா ஒருத்தர் பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி "தொண்டுன்னு சொல்லி மாசாமாசம் வாங்குறியாமே" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை, இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பந்திதான் ஞாபகம் வந்தது.

முதலில் யார் நடத்துகிறார்கள் என்பது. வெளியே இருந்து பார்த்தால் ஒரு நிறுவனர் மட்டும்தான் தெரிவார், அவர் படம்தான் பேப்பரில் வரும். எங்கள் இடத்தில் ஐந்து பேர் இருந்தோம். இயக்குநர் பணம் திரட்டுவார், அறிக்கை எழுதுவார், நிலத்துக்காரர் வீட்டுக்கு நடையாய் நடப்பார். நான் மண்ணையும் பயிரையும் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி இருந்தான். யாருக்குப் பரீட்சை, யார் வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்திருக்கிறார், யார் யாரோடு இரண்டு வாரமாகப் பேசவில்லை என்பதெல்லாம் அவன் நோட்டில் இருக்கும். கணக்குக்கு அரை நாள் ஒருவர். அப்புறம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து தினமும் பஸ் ஏறி வந்த ஒரு அக்கா. படிப்பு மூன்றாம் வகுப்பு. பாவக்காய்ப் பந்தல் கட்டுவதில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் வாத்தியார். கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினால் மார்கழி, தைக் காத்துக்குப் பந்தல் தாங்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த அக்காவுக்குச் சம்பளம் கொடுக்காமல் எப்படி நடத்துவது? சொல்லுங்கள்.

இந்த முறை நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் லிங்கன் என்ற ஊரில் 1991-ல் தொடங்கிய 'தி ஃபுட் ப்ராஜெக்ட்' இதில் ரொம்பப் பேருக்கு முன்னோடி. நகரத்துப் பிள்ளைகளும் வசதியான புறநகர்ப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே பாத்தியில் வேலை செய்ய வேண்டும், அதற்குக் கூலி உண்டு, விளைந்ததை அவர்களே சந்தையில் விற்க வேண்டும். பாஸ்டன் நகரத்துக் காலி மனைகளின் மண்ணில் ஈயம் இருந்ததால் மண்ணைச் சோதித்து, மேலே புது மண்ணும் மக்கின உரமும் போட்டுத்தான் அவர்கள் நட வேண்டியிருந்தது. நியூ ஆர்லியன்ஸில் 'க்ரோ டாட் யூத் ஃபார்ம்' 2011-ல் தொடங்கியது, சிட்டி பார்க் என்ற பெரிய பூங்காவுக்குள், முன்னால் கோல்ஃப் மைதானமாக இருந்த இடத்தில். அங்கேயும் பிள்ளைகளுக்குக் கூலி உண்டு. கூலி கொடுப்பதுதான் இதில் முக்கியமான விஷயம் என்று நான் நினைக்கிறேன். சும்மா வரச் சொன்னால் வசதி உள்ள வீட்டுப் பிள்ளை மட்டும்தான் வரும், மற்றது ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையிலோ வொர்க்‌ஷாப்பிலோ நிற்கும்.

இந்த இடத்தில் சிலர் குழந்தைத் தொழிலாளர் என்று சண்டைக்கு வருவார்கள், தெரியும். 2016-ல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, 14-லிருந்து 18 வரை அபாயமான வேலையில் வைக்கக் கூடாது. நாங்கள் 16 முடிந்தவர்களை மட்டும்தான் எடுத்தோம். பெற்றோர் கையெழுத்து வேண்டும், சனி, ஞாயிறு காலை ஏழு முதல் பதினொன்று வரை மட்டும், ஒரு காலைக்கு 200 ரூபாய். பூச்சிமருந்து வாசலுக்குள்ளேயே வராது. பாவக்காயில் காய் ஈ வந்தால் பிஞ்சிலேயே ஒவ்வொரு காயையும் செய்தித்தாள் உறையில் மூடுவோம், ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி தொங்கவிடுவோம், மீனையும் வெல்லத்தையும் சேர்த்து ஊற வைத்த மீன் அமிலம் தெளிப்போம். முதல் நான்கு மாதம் நாங்கள் எதுவும் நடவே இல்லை, மண்ணுக்குள் இருந்த செங்கல் உடைசல், பாட்டில் ஓடு, பிளாஸ்டிக் இதைப் பொறுக்குவதிலேயே போய்விட்டது.

சரி, தலைமைப் பயிற்சி என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மேடைப் பேச்சு, சான்றிதழ் என்று நினைத்தால் அது இல்லை. பாஸ்டன்காரர்களிடம் 'ஸ்ட்ரெயிட் டாக்' என்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் இயக்குநர் அதைப் படித்து எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி 'நேர்பேச்சு' என்று வைத்தார். மாதம் ஒரு தடவை வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, நீ செய்ததில் எது நன்றாக இருந்தது, எதை மாற்ற வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கேட்கிறவர் மறுத்துப் பேசக் கூடாது, நன்றி மட்டும் சொல்லலாம். இது எங்களுக்கும் பொருந்தும், பிள்ளைகள் எங்களைப் பற்றியும் சொல்லலாம்.

இரண்டாவது வருடம் ஆடி மாதம், ஓணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, பதினேழு வயசுப் பெண் ஒருத்தி, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, தமிழ் மீடியத்தில் படித்தவள், என் முன்னால் உட்கார்ந்தாள். பந்தல் வேலை நன்றாகச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று ஆரம்பித்தாள். அப்புறம் "அக்கா, நீங்க எங்கள விக்கற மேசைக்கு அனுப்பறதே இல்ல. தமிழ் பேசற எங்க நாலு பேருக்கும் எப்பவும் களை, தண்ணி, உரம். மேசைக்கு மலையாளம் பேசறவங்க மட்டும் போறாங்க. நீங்களும் எங்க ஊருதானே?" என்றாள்.

நான் நன்றி என்று சொன்னேன். அதைச் சொல்வதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

அவள் சொன்னது உண்மை. ஆனால் காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேரளாவில் 2015-ல் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று பெரிய பேச்சு எழுந்தது, சோதனை எல்லாம் நடந்தது. அதிலிருந்து மாநில எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டி வரும் காய் என்றாலே ஒரு பயம் நிறைய பேருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாங்கள் விற்க ஆரம்பித்த மூன்றாவது வாரம் ஒரு பையன் மேசையில் நின்று தமிழில் விலை சொன்னதும், பயறைக் கையில் எடுத்தவர் "இது பாண்டிப் பச்சக்கறியல்லே", அதாவது இது தமிழ்நாட்டுக் காய்தானே என்று இளக்காரமாகச் சொல்லிக் கீழே வைத்துவிட்டுப் போனார். அது எங்கள் மண்ணில் விளைந்த பயறு, அந்தப் பையன் விதை ஊன்றியது. அவன் முகம் சுண்டிப் போனது. அன்றைக்கு நான் முடிவு செய்தேன், இவர்களை மேசைக்கு விட வேண்டாம் என்று. அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன், விற்பனையும் கெடாது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவர்களிடம் கேட்கவும் இல்லை. தமிழ் பேசும் எல்லை ஊரான வடகரப்பதியில் பிறந்து, மலையாளம் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று கல்லூரியில் மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்த நானே இதைச் செய்தேன்.

(மலையாளிகளைக் குறை சொல்கிறேன் என்று தயவு செய்து யாரும் வர வேண்டாம். என் அண்ணி மலையாளி, எங்கள் இயக்குநர் மலையாளி, அந்த நேர்பேச்சில் அந்தப் பெண்ணுக்கு முதலில் தலையாட்டியது மலையாளம் பேசும் ஒரு பிள்ளைதான்.)

அடுத்த வாரமே முறையை மாற்றினோம். எல்லாப் பிள்ளையும் எல்லா வேலைக்கும் சுற்றி வர வேண்டும், அட்டவணையைப் பிள்ளைகளே போட வேண்டும், நான் அதில் கை வைக்கக் கூடாது. உத்திராடத்தன்றைக்கு, அதாவது ஓணத்துக்கு முதல் நாள், கேரளாவில் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது, அன்றைக்கு மேசை அவள் முறை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு அம்மா வந்து "எவிடுத்தெ பச்சக்கறியா மோளே", எந்த ஊர்க் காய் என்று கேட்டார். அவள் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, இங்கேதான், அந்த மதிலுக்குப் பின்னால்தான் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தாள். என்றைக்கு விதைத்தது, என்றைக்கு மீன் அமிலம் தெளித்தது, என்றைக்குப் பறித்தது எல்லாம் அதில் தமிழில் எழுதியிருக்கும். அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, இவளே வரி வரியாக மலையாளத்தில் வாசித்துக் காட்டினாள். ஒன்றரைக் கிலோ பயறும் ஒரு கிலோ வெண்டையும் வாங்கிப் போனார். பின்னால் வந்த ஒரு பெரியவர் எதுவும் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் உண்மை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஆளுக்கு எடை போட்டாள். பதினொன்று ஆவதற்குள் பயறு தீர்ந்துவிட்டது. கணக்கில் 40 ரூபாய் குறைந்தது, அதை அவள் நோட்டில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நீங்கள் கேட்ட தலைமைப் பயிற்சி இதுதான். அந்தப் பயிற்சி எனக்கும் சேர்த்துத்தான் நடந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். நன்கொடை கொடுப்பவர்கள் விதைக்குக் கொடுப்பார்கள், சொட்டுநீர்க் குழாய்க்குக் கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கித் தருவார்கள், தொப்பியில் தங்கள் பெயர் இருக்கும். ஆளுக்குச் சம்பளம் என்றால் பேச்சு நின்றுவிடும். 2013 கம்பெனிச் சட்டத்தின்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டிய பெரிய கம்பெனிகள் இருக்கின்றன, ஆனால் நாங்கள் பார்த்த ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பிள்ளை, எத்தனை கிலோ என்றுதான் கேட்டார்கள், அந்தப் பிள்ளை வீட்டுக்கு ராத்திரி எட்டு மணிக்கு நடந்து போய்ப் பேசுகிறவனுக்கு யார் சம்பளம் தருவது என்று கேட்கவில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள், ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதையும் தடுத்தார்கள். பெரிய நிறுவனத்தின் கையைப் பிடித்து நிற்கும் எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு அது பெரிய அடி. ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை, அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும்.

நல்ல பேர் இருந்தாலும் பணம் நிற்காமல் போகலாம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் வில் ஆலன் என்று ஒரு முன்னாள் கூடைப்பந்து வீரர், 1993-ல் நகரத்துக்குள் இருந்த ஒரு பண்ணையை வாங்கி, 'க்ரோயிங் பவர்' என்று வளர்த்தார். 2008-ல் அங்கே பெரிதாக மதிக்கிற மெக்கார்தர் விருது, உலகம் முழுக்கப் பெயர். 2017-ல் கடன் சுமையில் மூட வேண்டி வந்தது. அதனால் நிறுவனர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்க்காதீர்கள், கணக்கு எழுதுகிறவருக்கு ஒழுங்காகச் சம்பளம் போகிறதா என்று பாருங்கள்.

இதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் எழுத ஆரம்பித்ததால் வருகிறது. என் அம்மா தக்காளிச் செடி மழையில் போனதற்கு நஷ்ட ஈடு கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். விண்ணப்பம் மலையாளத்தில் மட்டும் இருந்தது. தமிழில் எழுதிக் கொடுத்ததை அங்கே இருந்தவர் திருப்பிக் கொடுத்து, இத்தனை வருடம் இங்கே இருந்தும் படிக்கவில்லையா என்று கேட்டார். அறுபத்தி நான்கு வயது. எங்கள் பஞ்சாயத்தில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள், எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் சந்தைக்குக் காய் கொண்டுபோய் இரண்டு மாநிலத்துக்கும் சோறு போடுகிறவர்கள், அவர்களுக்கு ஒரு தாள் தமிழில் அச்சடிக்க முடியாதா? அந்தப் பெண்ணை மேசைக்கு அனுப்பாத எனக்கு இதைக் கேட்க என்ன யோக்கியதை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அந்த எண்ணம் வந்தது, அதனால்தான் இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்களே சொல்லாமல் போய்ப் பாருங்கள். பொறுப்பாளர் காலில் மண் இருக்கிறதா, பிள்ளைகளுக்கு நிழலும் குடிதண்ணியும் கழிப்பறையும் இருக்கிறதா, பணப்பெட்டி யார் கையில் இருக்கிறது, பிள்ளைகளில் யார் எப்போதும் களை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்று நேராகவே கேளுங்கள், நல்ல இடம் என்றால் சொல்வார்கள். எங்கள் நிலத்தை அதன் சொந்தக்காரர்கள் வீடு கட்டத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அதனால் நான் இப்போது அப்பாவோடு எங்கள் சொந்த நிலத்தில்தான் இருக்கிறேன். அந்த நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது, 40 ரூபாய்க்குப் போட்ட கையெழுத்தோடு. எந்த ஊர்ப் பண்ணை என்று கீழே எழுதினீர்கள் என்றால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.