ஐந்தரை நிமிடம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மே மாதத்தோடு பேச்சு-மொழி சிகிச்சையில் முதுகலைப் படிப்பு முடிகிறது. இங்கே அமெரிக்காவில் மேற்பார்வையில் வேலை செய்யும் முதல் வருட ஃபெலோஷிப்புக்கு ஒரு மருத்துவமனையிலும், அரசுப் பள்ளிகளை நடத்தும் ஒரு பப்ளிக் ஸ்கூல் மாவட்டத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. கூடப் படிக்கிறவர்கள், "ஸ்கூலுக்குப் போனால் ஆங்கில 'ஆர்' ஒலியைச் சொல்லிக்கொடுத்தும் ஃபைல் எழுதியுமே காலம் போய்விடும்" என்கிறார்கள். அம்மாவுக்கோ, "இவ்வளவு செலவு பண்ணிப் படித்துவிட்டு டீச்சர் வேலையா" என்று வருத்தம். நீங்கள் பல வருடமாகப் பள்ளியிலேயே இருப்பவர். எது நல்லது?

ச.

அன்புள்ள ச.,

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சைத் திரும்பக் கொண்டுவருவதிலும், விழுங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு உதவுவதிலும் உங்கள் மனம் இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். பள்ளியில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும், பிறகு திரும்பிப் போவது கஷ்டம். மனம் குழந்தைகளிடம் இருக்கிறதென்றால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த 'ஆர்'. அதை லேசாகப் பேசுகிறவர்கள் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 'ப'வுக்கு உதட்டைக் காட்டலாம். 'ஆர்' வாய்க்குள்ளேயே நடக்கிறது. காட்ட எதுவும் இல்லை. நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நம் 'ழ'வும் அமெரிக்க 'ஆர்' ஒலியும் கிட்டத்தட்ட பக்கத்து வீடுகள். நாக்கு நுனியை மடக்கி, அண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எதிலும் படாமல் நிறுத்த வேண்டும். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லித் திருத்தப்பட்டு வளர்ந்தவள் நான், அதனால் நாக்கு எங்கே தவறுகிறது என்று உடம்புக்குத் தெரியும். நாக்கை மடக்க வராத பிள்ளைக்கு, பின்நாக்கைத் திரட்டித் தூக்கும் இன்னொரு வழி உண்டு. எது வரும் என்று கண்டுபிடிக்கவே சில பிள்ளைகளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். தன் பெயரையே சரியாகச் சொல்ல முடியாமல் வகுப்பில் வாயைத் திறக்காத ஒரு பெண், வருகைப் பதிவின்போது எழுந்து தன் பெயரைச் சொன்ன காலையை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், பேசவே பேசாத பிள்ளைகள். ஏழு வயதுப் பையன் ஒருவன், தொட்டால் பேசும் டேப்லெட் வைத்திருந்தான். என் அறையில் இரண்டு மாதம் 'மோர்' (இன்னும்), 'வான்ட்' (வேண்டும்) என்று பழக்கினேன். நான் கையைப் பிடித்தால் அழுத்துவான், விட்டால் இல்லை. ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்துப் பையன் இவன் தட்டில் கை வைத்தான். இவன் டேப்லெட்டை இழுத்து 'ஸ்டாப்' என்று அழுத்தினான். அவன் கையை எடுக்கவில்லை. மறுபடியும் 'ஸ்டாப்'. கை போய்விட்டது. அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பு உதவியாளர் தான் பேசும்போதெல்லாம் அதே டேப்லெட்டைத் தொட்டுத் தொட்டுப் பேசியிருக்கிறார். அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதன்பிறகு என் நேரத்தில் பாதியை அறையிலிருந்து எடுத்து வகுப்புக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கொடுத்தேன். குழந்தைக்குப் பேச்சு தேவைப்படுகிற இடத்திலேயே நாமும் இருக்கிறோம், அதுவும் வருடக்கணக்கில். மருத்துவமனையில் இது கிடைப்பது அபூர்வம்.

உங்கள் நண்பர்கள் ஃபைலைப் பற்றிச் சொல்வது உண்மைதான். பெற்றோர் சம்மதித்த நாளிலிருந்து, மாநிலம் வேறு கெடு வைக்காவிட்டால், குழந்தைக்கு உதவி தேவையா என்ற பரிசோதனை 60 நாளுக்குள் முடிய வேண்டும். ஐ.இ.பி., அதாவது அந்தக் குழந்தைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டம், வருடத்துக்கு ஒருமுறையாவது திருத்தப்பட வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டுக்குத் தனிக் குறிப்புகள். ஆனால் குறைபாடுள்ள குழந்தைகளின் கல்விக்காக 1975இல் வந்த மத்தியச் சட்டம்தான் இந்தக் குழந்தைகளைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தது. அதற்குமுன் எத்தனையோ பேரைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். 'வாரம் 60 நிமிடம்' என்று ஐ.இ.பி.யில் நீங்கள் எழுதினால், அந்த 60 நிமிடத்தை மாவட்டம் கொடுத்தே ஆக வேண்டும். பேச முடியாத குழந்தைக்காக அந்தக் காகிதம் பேசுகிறது. அதைச் சலிப்போடு எழுதாதீர்கள்.

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். அந்த மத்தியச் சட்டத்தில் ஒரு தெரபிஸ்டுக்கு இத்தனை குழந்தைகள்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. நம் தொழிலின் அமெரிக்கச் சங்கமான ஆஷாவும் ஓர் எண்ணைச் சொல்வதில்லை. குழந்தைகளின் தலையை எண்ணாமல் மொத்த வேலையையும் கணக்கெடுங்கள் என்கிறது. இப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக வாஷிங்டன் அந்தச் சட்டத்திலேயே சொன்னது, ஒரு வருடம்கூட அந்த அளவுக்குத் தந்ததில்லை. அதனால் சுமை கீழே இறங்கி நம் தலையில் உட்காருகிறது. என் முதல் வருடத்தில் இரண்டு பள்ளிகளிலும் சேர்த்து 72 பிள்ளைகள். அரை மணி நேரத்துக்கு நான்கு பேர் கொண்ட குழு. வகுப்பிலிருந்து கூட்டிவந்து திரும்ப விடுவதில் எட்டு நிமிடம் போய்விடும். மிச்சம் 22. ஆளுக்கு ஐந்தரை நிமிடம். அதிலும் ஒருவனுக்குத் திக்குவாய், ஒருத்திக்கு 'ஆர்', ஒருவனுக்கு வாக்கியமே அமையவில்லை. என்னை மேற்பார்த்து வழிகாட்ட வேண்டிய மென்டர் வேறு கட்டடத்தில் இருந்தார், பார்ப்பதே அரிது. அந்த வருடம் நான் சில பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் தமிழ் பேசுகிறவர் என்பதால். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளைக் 'குறைபாடு' என்று சந்தேகப்பட்டு அனுப்புவார்கள். 'வி', 'டபிள்யூ' இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லும் தமிழ்க் குழந்தைக்கு நோய் ஒன்றும் இல்லை, அதன் வீட்டு மொழியில் அந்த வித்தியாசம் கிடையாது, அவ்வளவுதான். வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், நிறுத்த வேண்டாம் என்று அந்தப் பெற்றோருக்குத் தைரியமாகச் சொல்லுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. வீட்டு மொழியிலும் பரிசோதிக்கச் சட்டமே சொல்கிறது. பல பள்ளிகளில் இதைத் தெரிந்து பேச நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

அம்மாவிடம், ஆமாம், டீச்சர்களோடு செய்யும் வேலைதான் என்று சொல்லுங்கள். அந்த 'ஸ்டாப்' கதையையும் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்குமுன் மாவட்டத்திடம் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகள், எத்தனை கட்டடங்கள், வாரத்தில் ஐ.இ.பி. எழுதவும் வகுப்பாசிரியர்களோடு பேசவும் எத்தனை மணி நேரம் ஒதுக்குவார்கள், குழுவில் எத்தனை பேர் வரை. மென்டர் எந்தக் கட்டடத்தில் இருப்பார் என்று குறிப்பாகக் கேளுங்கள். உங்கள் ஃபெலோஷிப் குறைந்தது 36 வாரம், 1260 மணி நேரம். அதில் மென்டர் நேரில் வந்து உங்களைப் பார்த்தே ஆக வேண்டிய மணி நேரங்கள் உண்டு. இதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்த மாவட்டத்தை விட்டுவிட்டு வேறு மாவட்டம் தேடுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், எண்களோடு.

அன்புடன்,
அக்கா