இளம் வழக்கறிஞர்களின் ஊதியமும் மனநிறைவும்: கேள்வி பதில்

கேள்வி (சென்னை): வழக்கறிஞராகப் பதிவு செய்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சீனியர் மாதம் 6,000 ரூபாய் தருகிறார். 20,000 ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவு இருப்பதாகச் சொல்கிறார்களே, கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 2024 ஜூன் மாதம் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோரைக் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, சென்னை, மதுரை, கோவையில் பணிபுரியும் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்குமாறு சுற்றறிக்கை அனுப்ப, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகர்ப்புறங்களுக்கு 20,000, ஊரகப் பகுதிகளுக்கு 15,000 என்று அறிவித்தது. ஆனால் இந்திய பார் கவுன்சிலின் அறிவிப்பு பரிந்துரையாகவே அமைந்தது. அதனால்தான் பல அலுவலகங்களில் நிலைமை மாறவில்லை. காலையில் கேஸ் கட்டுகளைச் சுமந்து, பகலில் வாய்தா வாங்கி, இரவு பத்து மணி வரை மனு தயாரிக்கும் ஒருவருக்கு அறை வாடகைக்குக்கூடப் போதாத தொகையைக் கொடுத்துவிட்டு, 'தொழில் கற்றுக்கொடுக்கிறேனே' என்று சொல்வது நியாயமாகாது என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் செய்யும் பணிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, சீனியரிடம் நேரில், மரியாதையோடு, தொகையைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

கேள்வி (தென்காசி): என் மகள் எங்கள் குடும்பத்தின் முதல் வழக்கறிஞர். தொடக்கச் செலவுகளுக்கு ஏதேனும் உதவி உண்டா?

பதில்: பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. ஏழைக் குடும்பங்களிலிருந்து வரும் இளம் சட்டப் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டுகள் மாதம் 3,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2020-இல் அறிவித்தது. அதற்குத் தகுதி உண்டா என்று பார் கவுன்சிலில் விசாரியுங்கள். முதல் மூன்று ஆண்டுகளைக் கடக்க இயலாமல் தொழிலை விட்டுப் போகிறவர்களில் உங்கள் மகளைப் போன்ற முதல் தலைமுறையினரே அதிகம் இருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அந்த மூன்று ஆண்டுகள் குடும்பம் தாங்கிப் பிடிப்பது மிக அவசியம்.

கேள்வி (மதுரை): உடன் பணிபுரியும் ஆண்களுக்கு என்னைவிட அதிகம் தருகிறார்கள். அவர்களை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டு, எனக்கு வரைவுப் பணி மட்டுமே தருகிறார்கள்.

பதில்: மேற்சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவே பெண் ஜூனியர்களுக்கும் சமமான தொகை தரப்பட வேண்டும் என்று கூறுகிறது. தொகை குறைவதைக் காட்டிலும் நீதிமன்றத்தில் எழுந்து வாதிடும் வாய்ப்பு பறிபோவது பெரிய இழப்பு; கட்சிக்காரருக்கு உங்கள் முகமே தெரியாவிட்டால், நாளை நீங்கள் தனியே அலுவலகம் திறக்கும்போது யார் வருவார்கள்? ஆகவே கட்சிக்காரர் வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரமான வக்காலத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஒரு சாட்சியையாவது விசாரிக்க வாய்ப்புக் கேளுங்கள். மறுத்தால், வேறு சீனியரைத் தேடுவதில் எந்தத் தவறும் இல்லை.

கேள்வி (கோவை): பன்னிரண்டு ஆண்டுகளாகிறது. வருமானம் போதுமானது, நிறைவுதான் இல்லை.

பதில்: ஒரு வழக்கை ஆரம்பம் முதல் தீர்ப்பு வரை நீங்களே நடத்தி எத்தனை காலமாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். பிராது எழுதி, குறைகளுக்காக நீதிமன்றம் திருப்பியதைச் சரிசெய்து, வழக்கு எண் வாங்கி, குறுக்கு விசாரணை முடித்து, வாதுரைத்துப் பெறும் தீர்ப்பில் கிடைக்கும் நிறைவு, பத்து வழக்குகளில் வாய்தா வாங்குவதில் கிடைக்காது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் காவலில் உள்ளோரும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். உங்களுக்குக் கிடைக்கும் கட்டணம் சொற்பம்தான், ஆனால் வழக்கு முழுவதும் உங்கள் பொறுப்பில் இருக்கும்.

கேள்வி (திருச்சி): நிறுவனம் ஒன்றில் சட்ட அலுவலராகச் சேர அழைப்பு வந்துள்ளது. பின்னர் சிவில் நீதிபதித் தேர்வும் எழுத விரும்புகிறேன்.

பதில்: முழுநேரச் சம்பளப் பணியில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழில் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. அகில இந்திய பார் தேர்வில் தேறுவதற்கு முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அதைக் கணக்கிடலாம். நிறுவனத்தில் கழியும் காலத்தை அந்தக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். எனவே தேர்வே உங்கள் நோக்கமானால், முதலில் மூன்றாண்டுகள் நீதிமன்றத்தில் பணிபுரியுங்கள்.