பர்மிஷன் இல்லைன்னு வாயால சொன்னா போதுமா? – வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த வாரம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான்: கூட்டம் போடறது, தர்ணா, ஊர்வலம், அதுக்குப் போலீஸ் பர்மிஷன். சொத்துப் பாகப்பிரிவினை கேட்டவங்க தயவுசெஞ்சு அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்குங்க, இந்தக் கேள்விகள் நாள் கடந்தா பிரயோஜனம் இல்லாம போயிடும்.

கேள்வி: வணக்கம் வக்கீலம்மா. எங்க ஊர்ல ஒன்றரை மாசமா குழாய்ல தண்ணி வரல. யூனியன் ஆபீஸ் முன்னாடி காலிக் குடத்தோட ஒரு நாப்பது பொம்பளைங்க ரெண்டு மணி நேரம் உக்காரலாம்னு ஸ்டேஷன்ல மனு கொடுத்தோம். மனுவ வாங்கவே இல்ல, "30(2) அமல்ல இருக்கு, எந்தக் கூட்டத்துக்கும் பர்மிஷன் கிடையாது, மீறி உக்காந்தா கேஸ்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. இந்த 30(2)ன்னா என்ன? அது இருந்தா ஒண்ணுமே செய்ய முடியாதா? – ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா இதே வார்த்தையச் சொல்லித்தான் மாவட்டம் மாவட்டமா ஜனங்களத் திருப்பி அனுப்பறாங்க. 30(2)ங்கறது 1861ம் வருஷத்துப் போலீஸ் சட்டத்துல ஒரு உட்பிரிவு. 1857 கலகம் வெடிச்சு நாலு வருஷத்துல வெள்ளைக்காரன் போட்ட சட்டம், அந்தப் பயத்தோடவே எழுதினது. அவ்வளவு பயந்து எழுதினவன்கூட அதுல "கூட்டம் கூடாதே"ன்னு எழுதல. ரோட்டுல கூடற கூட்டத்தையோ ஊர்வலத்தையோ கவனிக்காம விட்டா அமைதி கெடும்னு தோணினா, நடத்தறவங்க முன்கூட்டி லைசென்ஸ் கேக்கணும்னு போலீஸ் அறிவிக்கலாம், லைசென்ஸ்ல நிபந்தனை போடலாம், அவ்வளவுதான் அதுல இருக்கு. அதாவது 30(2) அமல்ல இருக்குன்னா "நீங்க மனு கொடுக்கணும்"னு அர்த்தம், "மனுவே வாங்க மாட்டோம்"னு அர்த்தம் இல்ல. உங்ககிட்ட சொன்னது தலைகீழ்.

அதுக்கு மேல அரசியல் சட்டம் இருக்கு. 19வது பிரிவு, ஆயுதம் இல்லாம அமைதியா கூடறத ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படை உரிமையா கொடுத்திருக்கு. அந்த உரிமையக் கட்டுப்படுத்த அரசாங்கத்துக்கு அதே பிரிவு ரெண்டே காரணம்தான் கொடுக்குது, ஒண்ணு நாட்டோட இறையாண்மை ஒருமைப்பாடு, இன்னொண்ணு பொது ஒழுங்கு, அந்தக் கட்டுப்பாடும் நியாயமானதா இருக்கணும். அதிகாரிக்குச் சங்கடமா இருக்கும், அமைச்சர் அந்தப் பக்கம் வர்றார், இதெல்லாம் அந்தப் பட்டியல்லயே இல்ல. பொது ஒழுங்குங்கறதையும் கண்டபடி இழுக்க முடியாது. 1965ல ராம் மனோகர் லோகியா வழக்குல நீதிபதி இதயத்துல்லா மூணு வட்டம் வரைஞ்சு காட்டினாரு, பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதுக்குள்ள சின்னதா பொது ஒழுங்கு, அதுக்கும் உள்ள நாட்டோட பாதுகாப்பு. பெரிய வட்டத்துல நடக்கற சின்னச் சின்னத் தொந்தரவெல்லாம் உள்வட்டத்தைத் தொட்டதா ஆயிடாது. நாப்பது பொம்பளைங்க காலிக் குடத்தோட உக்காந்தா எந்த வட்டம் கலையும்னு அவங்கதான் சொல்லணும்.

அடுத்து, 1972ல ஹிம்மத்லால் ஷா வழக்கு. அகமதாபாத்ல தெருவுல கூட்டம் போடப் போலீஸ் பர்மிஷன் கொடுக்கல, சுப்ரீம் கோர்ட்டு அரசியல் சாசன பெஞ்சு வரைக்கும் போச்சு. அங்க முடிவானது, தெருவுல நடக்கற கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், எங்க, எப்போன்னு நிபந்தனை போடலாம், ஆனா காரணமே சொல்லாம இஷ்டத்துக்கு மறுக்கற அதிகாரத்தைக் கொடுத்த விதி செல்லாது. நம்ம சென்னை ஹைகோர்ட்டும் 2018 செப்டம்பர்ல ஜீவானந்தம் வழக்குல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புல இதே 30(2) பத்திச் சொல்லியிருக்கு, இது ஒழுங்குபடுத்தற அதிகாரம், ஜனநாயக எதிர்ப்பு எல்லாத்தையும் மொத்தமா நசுக்கற அதிகாரம் இல்லைன்னு.

நீங்க இப்ப செய்ய வேண்டியது, புது மனு ஒண்ணு எழுதுங்க, அதுல தேதி, நேரம், இடம், எத்தனை பேர், மைக் உண்டா இல்லையா எல்லாம் தெளிவா இருக்கட்டும், ரோட்டை மறிக்க மாட்டோம்னு ஒரு வரி சேருங்க. குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடி ஸ்டேஷனுக்கும் டிஎஸ்பிக்கும் எஸ்.பி.க்கும் ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கேட்டு அனுப்புங்க, ரசீதுகளை பத்திரமா வைங்க. மறுத்தா காரணத்தோட எழுத்துல கேளுங்க. அதுக்கும் பதில் இல்லைன்னா மதுரை பெஞ்சுல ரிட் போடலாம், இத்தனை நாளைக்குள்ள மனுவப் பரிசீலிச்சு முடிவெடுன்னு கோர்ட்டு உத்தரவு போடறது சகஜம். நான் ஒரு தடவ அங்கன்வாடி ஊழியர்களுக்காக இப்படி ஒரு கேஸ் பாத்தேன், எந்த ஊர்னு சொல்ல வேண்டாம், போலீஸ் தாக்கல் பண்ணின மறுப்பு உத்தரவும் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வேற ஒரு சங்கத்துக்குக் கொடுத்த உத்தரவும் வரிக்கு வரி ஒண்ணு, தேதியும் சங்கத்துப் பேரும் மட்டும்தான் மாறியிருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினதுமே வாதாட வேற ஒண்ணும் மிச்சமில்ல. எழுத்துல வாங்கணும்னு நான் கத்தறது இதுக்குத்தான், வாயால சொன்னதை எந்தக் கோர்ட்டுலயும் காட்ட முடியாது.

கேள்வி: மேடம், 144 போட்டுட்டா நாலு பேருக்கு மேல நிக்கக்கூடாதாமே? எத்தனை நாள் போடலாம்? – கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, 2024 ஜூலை 1லேர்ந்து அது 144 இல்ல, குற்ற வழக்கு நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல 163, ஆனா வாய்ல இன்னும் 144தான் வருது, எனக்கும்தான். உடனடியாத் தடுத்தாகணும்ங்கற ஆபத்து இருக்கும்போது மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள அதிகாரி, விஷயத்தை எழுதி, காரணத்தை எழுதிப் போடற உத்தரவு அது. அதிகபட்சம் ரெண்டு மாசம், மாநில அரசு நீட்டிச்சா மேல ஆறு மாசம் வரைக்கும் போகலாம். அதுக்காக முடிஞ்ச உடனே இன்னொண்ணு, அது முடிஞ்சா இன்னொண்ணுன்னு தொடர்ந்து போட்டுக்கிட்டே இருக்கறது அதிகாரத் துஷ்பிரயோகம்னு 2020 ஜனவரி 10ந்தேதி அனுராதா பாசின் தீர்ப்புல, அது காஷ்மீர் கட்டுப்பாடுகள் பத்தின வழக்கு, சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. நியாயமான கருத்தையோ குறையையோ சொல்றத அடக்க 144ஐப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவை வெளியிடணும், ஆபத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் கட்டுப்பாடு இருக்கணும், இதெல்லாமும் அதே தீர்ப்புலதான் இருக்கு. பெங்களூருல 2019 டிசம்பர்ல குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து ஜனங்க கூடப் போறாங்கன்னு ஊர் முழுக்க 144 போட்டாங்க, அடுத்த பிப்ரவரியில கர்நாடக ஹைகோர்ட்டு அது சட்டப்படி செல்லாதுன்னு சொல்லுச்சு. தீர்ப்பு வந்தப்ப போராட்ட நாள் எப்பவோ போயிடுச்சு, எனக்கு மனசு ஆறாத இடம் அதுதான்.

உத்தரவை வெளியிடணும்னு சொன்னேன்ல, அது வெறும் சம்பிரதாயம் இல்ல. தூத்துக்குடியில 2018 மே 22ந்தேதி ஸ்டெர்லைட்டை மூடுன்னு கலெக்டர் ஆபீஸுக்கு ஜனம் நடந்துச்சே, அதுக்கு முந்தின நாள்தான் சில ஸ்டேஷன் எல்லைக்கு 144 உத்தரவு வந்துச்சு. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் குடும்பம் குடும்பமா கிளம்பினவங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரிஞ்சிருக்கும்? போலீஸ் சுட்டதுல 13 பேர் செத்துப் போனாங்க. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரிச்சு 17 போலீஸ்காரங்க மேலயும் அப்போதைய கலெக்டர் மேலயும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அறிக்கை கொடுத்துச்சு, 2022 அக்டோபர்ல சட்டசபையில வெச்சாங்க. தடை உத்தரவு இருந்துச்சுன்னாலும் அது சுடறதுக்கு லைசென்ஸ் இல்ல. கலைஞ்சு போகச் சொல்லணும், போகலைன்னா தேவையான அளவு பலம்தான், அதுவும் படிப்படியா.

கேள்வி: நான் ரிட்டயர்டு ஆசிரியர். கூட்டம் கூடற உரிமை சரி, ரோட்டை மறிச்சா ஆம்புலன்ஸ்ல போறவன் உரிமை எங்க போச்சு? – வாசகர், சென்னை மாம்பலம்

பதில்: நியாயமான கேள்வி சார். உங்க பக்கமும் தீர்ப்பு இருக்கு. குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில ரோட்டுல உக்காந்தாங்களே, அந்த ஷாஹீன் பாக் வழக்குல 2020 அக்டோபர்ல, பொது வழியைக் காலவரையில்லாம ஆக்கிரமிக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. மெரினாவும் அப்படித்தான், 2018ல காவிரிக்காக விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு அங்க உண்ணாவிரதம் இருக்கக் கேட்டப்ப ஒரு நீதிபதி ஒரு நாள் அனுமதி கொடுத்தாரு, பெஞ்சு அதை ரத்து பண்ணிடுச்சு. எனக்கு இதுல பெரிய வருத்தம் இல்ல, இடம் மாத்தச் சொல்றது ஒழுங்குபடுத்தறதுல வரும்.

ஆனா மாத்தற இடம் ஒரு இடமா இருக்கணும். டெல்லியில ஜந்தர் மந்தர்ல போராட்டமே கூடாதுன்னு ஆனப்போ 2018 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு முழுத் தடை கூடாது, விதிமுறை போட்டு அனுமதிங்கன்னு சொன்னது இதனாலதான். யாருக்குக் கேக்கணும்னு போராடறோமோ அவங்க கண்ணுலயும் காதுலயும் படற தூரத்துல இருக்கணும்னு ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2020ல எழுதியிருக்கு, இந்தியா ஏத்துக்கிட்ட உடன்படிக்கைக்கு அவங்க கொடுத்த விளக்கம் அது. 2025 ஆகஸ்ட்ல ரிப்பன் மாளிகை முன்னாடி தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உக்காந்தாங்க, பெரும்பாலும் பெண்கள், குப்பை அள்ற வேலையத் தனியாருக்கு விடாதீங்கன்னு. நடைபாதையை விட்டு எடுங்க, அனுமதி உள்ள இடத்துல நடத்தட்டும்னு ஹைகோர்ட்டு சொன்னதும் அன்னிக்கு ராத்திரியே போலீஸ் அப்புறப்படுத்துச்சு. நடைபாதை பத்திக் கோர்ட்டு சொன்னது சட்டப்படி சரின்னே வெச்சுப்போம், ஆனா பொழுது விடியறதுக்குள்ள ஏன் செய்யணும், அந்தப் பொம்பளைங்களக் காலையில ஒரு அதிகாரி கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்னு இன்னிக்கும் எனக்குப் புரியல. கார்ப்பரேஷனக் கேக்கறவங்கள வள்ளுவர் கோட்டத்துக்குப் போகச் சொன்னா அங்க யாரு சார் கேக்கறது?

கேள்வி: கரூர்ல கட்சிக் கூட்ட நெரிசல்ல 41 பேர் செத்தாங்களே, இனிமே கூட்டமே வேண்டாம்னு தடை போட்டா என்ன தப்பு? – வாசகி, ஈரோடு

பதில்: அந்த ராத்திரி டிவி முன்னாடி உக்காந்து நானும் அழுதவதாங்க. ஆனா 2025 செப்டம்பர் 27 நமக்குக் காட்டினது, பெரிய கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவாங்க, இடம் தாங்குமா, தண்ணி, ஆம்புலன்ஸ், வெளிய போற வழி இதெல்லாம் முன்னாடியே கணக்குப் பண்ணணும்ங்கறது. அந்த நிபந்தனை எல்லாம் போடட்டும், கடுமையாவே போடட்டும். ஆனா அதைக் காட்டித் தாலுகா ஆபீஸ் முன்னாடி முப்பது விவசாயி உக்காரறதுக்கும் டெபாசிட் கட்டு, லட்சக்கணக்குல பிணைத்தொகை கொடுன்னா அது பாதுகாப்பு இல்ல, காசு இல்லாதவன் வாயைக் கட்டறது. ஆபத்தோட அளவுக்குத்தான் நிபந்தனையோட அளவும்.

கேள்வி: எதிர்க்கோஷ்டி வந்து கலாட்டா பண்ணும்னு சொல்லிப் பர்மிஷன் மறுக்கலாமா? – வாசகர், கன்னியாகுமரி

பதில்: மறுக்கறதுக்கு அது மட்டும் காரணமா நிக்காது. ஆர்.எஸ்.எஸ். ஊர்வலத்துக்குத் தமிழ்நாடு அரசு இதே மாதிரி மிரட்டல் இருக்குன்னுதான் சொன்னாங்க, 2023 பிப்ரவரியில ஹைகோர்ட்டு அனுமதி கொடுத்துச்சு, ஏப்ரல் 11ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் அரசோட அப்பீலைத் தள்ளிடுச்சு. எனக்கு அந்த அமைப்போட கருத்து கொஞ்சமும் ஒத்து வராது, இருந்தாலும் தீர்ப்பு சரின்னுதான் சொல்வேன். கல்லெறிய வர்றவனைத் தடுக்கறதுதான் போலீஸ் வேலை, நடக்கறவனைத் தடுக்கறது இல்ல.

கேள்வி: என் மகன் காலேஜ் ஃபீஸ் விஷயமா ஆர்ப்பாட்டத்துல நின்னான். வேன்ல ஏத்திக் கல்யாண மண்டபத்துல வெச்சு சாயங்காலம் விட்டுட்டாங்க. இப்ப எஃப்.ஐ.ஆர். இருக்காம். கவர்மென்ட் வேலை போயிடுமா? ராத்திரி தூக்கம் இல்ல வக்கீலம்மா. – ஒரு தாய், திருச்சி

பதில்: தூங்குங்கம்மா, முதல்ல அது. எஃப்.ஐ.ஆர். காப்பிய வாங்கிப் பாருங்க, பெரும்பாலும் அரசு உத்தரவை மீறினதுன்னு பழைய தண்டனைச் சட்டத்துல 188, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.ல 223, கூடவே சட்டவிரோதக் கூட்டம்னு பழைய 143, இப்ப 189 இருக்கும். உத்தரவு மீறல் வழக்குல சம்பந்தப்பட்ட அதிகாரி நேரா மாஜிஸ்திரேட் கிட்ட எழுத்துல புகார் கொடுத்தாத்தான் கோர்ட்டு கையில எடுக்க முடியும், நடைமுறைச் சட்டத்துல பழைய 195, இப்ப பி.என்.எஸ்.எஸ். 215. போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட்டுச் சார்ஜ் ஷீட் வெச்சா அது நிக்காதுன்னுதான் மேல சொன்ன ஜீவானந்தம் தீர்ப்புல ஒரு கட்டு வழக்குகளையே ரத்து பண்ணினாங்க. அமைதியா கோஷம் போட்டது சட்டவிரோதக் கூட்டமும் ஆகாது, வன்முறை, மிரட்டல் மாதிரி ஒரு நோக்கம் இருந்தாத்தான் ஆகும். உங்க வக்கீலை வெச்சு மதுரை பெஞ்சுல ரத்து மனு போடுங்க.

வேலை விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, விண்ணப்பத்துல கேஸ் இருக்கான்னு கேட்டா மறைக்காதீங்க. கேஸைவிட மறைச்சதுதான் நிறைய பிள்ளைங்களக் கவுத்திருக்கு. 2016ல அவதார் சிங் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட்டு, சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்பமான கேஸை மறைச்சதையே மன்னிச்சு விடலாம்னு உதாரணமாவே சொல்லியிருக்கு, அப்படின்னா உள்ளதைச் சொன்னவனுக்கு இன்னும் நல்ல நியாயம் இருக்கு. போலீஸ் உத்தியோகத்துக்கு மட்டும் விதி ரொம்பக் கடுமை, தம்பி அதுக்குத்தான் படிக்கறான்னா ரத்து மனுவத் தள்ளிப் போடாதீங்க, ஆர்டர் வந்ததும் சர்டிஃபைடு காப்பி ரெண்டு வாங்கி ஒண்ண அவன் சர்டிஃபிகேட் ஃபைல்லயே வெச்சிடுங்க.