மாஸ்ட்ரிக்டின் நெடில்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. மகனுக்கு ஐந்து வயது. நாங்கள் வேலை முடிந்து வரும்வரை பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். பையன் டச்சு பேசுகிறான் என்று சந்தோஷமாக இருந்தோம். போன வாரம் வீட்டுக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் நண்பர் அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டார். வீட்டை ‘ஹெய்ஸ்’ என்று சொல்லாமல் ‘ஹூஸ்’ என்கிறானாம், ராகம் போட்டு இழுக்கிறானாம். இது ஜெர்மன் கலந்த கொச்சை, இப்போதே திருத்தாவிட்டால் பின்னால் கஷ்டம் என்கிறார். பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பலாமா? நீங்கள் இந்த ஊரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

நான் பதில் எழுதாமல் வைத்திருக்கும் கடிதங்கள் நிறைய. உங்களுடையதற்கு உடனே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊரின் உயிரொலிகள் சில நாட்களாகவே காதில் ஓடிக்கொண்டிருக்கின்றன, யாரிடமாவது சொல்லாமல் தீராது.

ஜெர்மன் கலப்பு என்ற பேச்சை முதலில் தள்ளிவிடுகிறேன். மாஸ்ட்ரிக்ட் இருக்கும் லிம்பர்க் பகுதியை இரண்டாக வெட்டி ஒரு பாதியை நெதர்லாந்துக்கும் மறுபாதியை பெல்ஜியத்துக்கும் கொடுத்தது 1839இல். அங்குள்ள பேச்சுமொழிகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. எல்லைக்கோட்டைப் பார்த்து ஒலிகள் உண்டாவதில்லை. நெதர்லாந்து அரசே 1997இல் லிம்பர்க் மொழியை வட்டார மொழியாக அங்கீகரித்துவிட்டது. இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

ஹூஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனுடைய ‘ஊ’ பழைய உயிர். ஒரு காலத்தில் அந்த நிலப்பகுதி முழுக்க வீடு ‘ஹூஸ்’தான், காலம் ‘டீட்’தான். பிறகு ஹாலந்துப் பக்கத்தில் அந்த நெடில்கள் உடைந்து, ஒரு ஒலியில் தொடங்கி இன்னொன்றில் முடியும் கூட்டுயிர்களாயின. அப்படித்தான் ஹெய்ஸும் டெய்டும் வந்தன. மாஸ்ட்ரிக்ட் இருக்கும் மாஸ் ஆற்றங்கரை அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய ஒலியைச் சொல்லும் குழந்தையைப் பார்த்துப் புதிய ஒலிக்காரர் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை நம்பிப் பிள்ளையின் வாயைத் திருத்த ஆள் தேடுகிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

அடுத்தது ராகம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெதர்லாந்தின் வடக்கே எல்லோரும் கேலி செய்வது இதைத்தான். லிம்பர்க்காரர்கள் பாடுகிறார்கள் என்பார்கள். பாடவில்லை. இலக்கணம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் இரண்டு சுரங்கள் உண்டு. ஒன்றை இழுசுரம் என்கிறார்கள், மற்றதைத் தள்ளுசுரம் என்கிறார்கள். லிம்பர்கிலேயே உள்ள ரூர்மொண்ட் நகரில் ‘க்னீன்’ என்பதை இழுசுரத்தில் சொன்னால் ஒரு முயல். அதே க்னீனைச் சட்டென்று இறக்கித் தள்ளுசுரத்தில் சொன்னால் பல முயல்கள். ‘பெயின்’ என்றால் கால், அதுவும் இப்படியே: இழுத்தால் ஒன்று, தள்ளினால் பல. விகுதி கிடையாது, மெய்யும் மாறவில்லை, உயிரும் மாறவில்லை. குரல் எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் வைத்து ஒருமையா பன்மையா என்று கேட்பவர் முடிவு செய்கிறார்.

பழைய பன்மையின் கடைசி உயிர் தேய்ந்து விழுந்து, ஒருமையும் பன்மையும் ஒன்றாகிவிடும் நிலை வந்தபோது மக்கள் சுரத்தைக் கொண்டு வேறுபாட்டைக் காப்பாற்றினார்கள் என்பது கார்லோஸ் ஹுஸ்ஸன்ஹோவன் என்ற மொழியியலாளரின் வாதம். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்கும். ஆனால் எந்த வாதம் வென்றாலும் ஒன்று மாறாது. இந்தச் சுரங்கள் ஜெர்மனியில் கொலோன் வரைக்கும், பெல்ஜியத்தில் ஹாஸல்ட் பக்கமும் பரவிக் கிடக்கின்றன. ஐரோப்பாவில் இப்படிச் சுரத்தால் சொல்லைப் பிரிக்கும் மொழிகள் குறைவு. ஒரு ஐந்து வயதுப் பிள்ளை அதைக் காதால் மட்டுமே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். அதை இழுவை என்கிறார் உங்கள் நண்பர்.

நான் அங்கே இருந்தபோது வைக் பகுதியில், ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் அப்பா பீங்கான் ஆலைத் தொழிலாளி. பெட்ரஸ் ரெகூ 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பின்னால் ஸ்ஃபிங்க்ஸ் என்று பெயர் பெற்ற அந்த ஆலைகளை நம்பி நகரத்தின் வடபுறத்தில் தெருத்தெருவாக மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் பேசியது ‘லாங்க் மெஸ்த்ரேஹ்ஸ்’, நீட்டிப் பேசும் மாஸ்ட்ரிக்ட் மொழி. வசதியான குடும்பங்கள் பேசியது ‘கோர்ட் மெஸ்த்ரேஹ்ஸ்’, குறுக்கிப் பேசுவது. மற்ற ஊர்களில் பணக்காரர்கள் வட்டாரப் பேச்சைக் கைவிட்டுவிடுவார்கள். மாஸ்ட்ரிக்டில் மருத்துவரும் வழக்கறிஞரும்கூட அதைப் பேசுவார்கள், உயிரின் மாத்திரை மட்டும் குறையும். வர்க்கம் நெடிலில் தெரியும் ஊர் அது.

அந்த அம்மாவின் நாத்தனார் கடைக்காரக் குடும்பம். சனிக்கிழமை மதியம் சமையலறையில் காபியும், வ்லாய் என்ற அந்தப் பக்கத்துப் பழப் பலகாரத்தில் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு இருவரும் பேசுவார்கள். வீட்டுக்கார அம்மா ஒரு நெடிலை அளவுக்கு மீறி இழுத்தால் நாத்தனார் கரண்டியால் கோப்பையின் விளிம்பைத் தட்டுவார். டிங். இவர் வேண்டுமென்றே அடுத்த வாக்கியத்தில் இன்னும் நீட்டுவார். டச்சில் ‘வன்’ என்று சுருங்கிக் கிடக்கும் சொல் அங்கே ‘வான்’ என்று விரியும். படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன். அப்புறம் நான் உள்ளே நுழைவேன், அந்த நொடியில் இரண்டு பேரும் டச்சுக்கு மாறிவிடுவார்கள். பாதி வாக்கியத்தில் மாறுவார்கள். மரியாதைக்குத்தான். வெளியாளிடம் ஊர்ப்பேச்சைப் பேசக்கூடாது என்ற நல்ல மனசு. ஆனால் நான் எத்தனை முறை கேட்டும் அந்த மொழியில் என்னை நோக்கி ஒரு முழு வாக்கியம் வந்ததில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் டச்சு.

இப்போது புரிகிறதா, உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன செய்திருக்கிறார் என்று? வெளிநாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்ததும் அவரும் டச்சுக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. தன் பேரனிடம் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறார். நீங்கள் அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. ஆம்ஸ்டர்டாம்காரரின் சிரிப்புக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், பாட்டிக்கு ஒரு வரி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஹேர்லன் என்ற ஊர் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள், பொதுமொழியாக டச்சு வந்தது, ஊர்ப்பேச்சு வீட்டுக்குள் ஒதுங்கியது. சுரங்கங்களை மூடப்போவதாக 1965இல் அறிவித்தார்கள், 1974இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. போன ஊர்ப்பேச்சு திரும்பவில்லை. யாரும் தடை போட்டதில்லை. பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற பாசத்தில் பெற்றோர்களே அவர்களிடம் டச்சு பேசினார்கள். தங்களுக்குள் மட்டும் ஊர்மொழி. பாசம்தான் காரணம் என்பதால் இதைத் தடுக்கவும் கஷ்டம்.

சரி, பயிற்சி வகுப்பு. வேண்டாம். அவனுக்குக் காது கேட்பதில் சிக்கல் இருந்தாலோ, எந்த மொழியிலுமே பேச்சு வராவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள், அது வேறு விஷயம். டச்சு அவனுக்குப் பள்ளியில் தானாக வரும், யாராலும் தடுக்க முடியாது. வீட்டில் நீங்கள் தமிழ் பேசுங்கள். புதன், வெள்ளிகளில் மார்க்ட் சதுக்கத்தில் சந்தை கூடும், பள்ளி இல்லாத நாளில் பாட்டியோடு அனுப்பிவையுங்கள். மீன்காரரிடம் பாட்டி பேரம் பேசுவதை அவன் கேட்கட்டும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். என்னிடமும் டச்சுக்கு மாற வேண்டாம் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். முதல் சில வாரங்கள் ஒன்றும் விளங்காது. பையன் பக்கத்தில் இருந்தால் சொல்லித்தருவான்.