அடிலெய்டில் படித்தவருக்கு 491 விசாவா, 190 விசாவா?

கேள்வி: அடிலெய்டில் சிவில் இன்ஜினியரிங் முதுகலைப் படிப்பை இந்த ஆண்டு முடிக்கிறேன். வயது 26, திருமணம் ஆகவில்லை. "491 விசா வாங்கிவிட்டால் பிறகு சிட்னிக்குப் போய்விடலாம்" என்கிறார் ஒரு முகவர். நம்பலாமா? அல்லது 190 விசாவுக்குக் காத்திருக்கட்டுமா?

பதில்: நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவின் 491 என்பது பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பிராந்தியப் பகுதிகளுக்கான தற்காலிக விசா; 190 என்பது நிரந்தர விசா. 491 விசாவில் 8579 என்ற நிபந்தனை உண்டு. அதன்படி அறிவிக்கப்பட்ட பிராந்தியப் பகுதிக்குள்தான் வசிக்கவும் வேலை பார்க்கவும் படிக்கவும் வேண்டும். மீறினால் விசா ரத்தாகலாம் என்பதோடு, நிரந்தர வசிப்புரிமைக்கான வழியும் அடைபட்டுப்போகும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்கள் அந்தப் பகுதியில் சேரா. ஆனால் பெர்த், ஹோபார்ட், கான்பெரா ஆகியவற்றைப் போலவே நீங்கள் வசிக்கும் அடிலெய்டும் சேரும் என்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம்.

இந்த விசாக்களுக்கு ஆட்களைப் புள்ளிகள் அடிப்படையில் தேர்வு செய்கிறார்கள். இப்போதைய நிலையில் உங்கள் புள்ளிகளைக் கணக்கிடுவோம். வயதுக்கு 30, முதுகலைப் பட்டத்துக்கு 15, ஆஸ்திரேலியாவில் இரண்டு கல்வியாண்டுகள் படித்ததற்கு 5, பிராந்தியப் பகுதியில் படித்ததற்கு 5, துணை இல்லாததற்கு 10. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 7 வாங்கினால் இன்னொரு 10 சேர்ந்து 75 ஆகும்; நான்கிலும் 8 வாங்கினால் அந்த 10 என்பது 20 ஆகிவிடும். மாநில நியமனம், அதாவது மாநில அரசு உங்களை விசாவுக்குப் பரிந்துரைப்பது, கிடைத்தால் 190-க்கு 5 புள்ளிகளும் 491-க்கு 15 புள்ளிகளும் கூடும். குறைந்தபட்சத் தகுதி 65 என்றாலும், அதை எட்டியவர் எல்லாருக்கும் விண்ணப்பிக்க அழைப்பு வருவதில்லை. மாநிலம் யாரை நியமிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

190 விசா கிடைத்த நாளிலிருந்தே நீங்கள் நிரந்தரவாசி. 491 என்பது ஐந்தாண்டுத் தற்காலிக விசா. அதில் குறைந்தது மூன்றாண்டுகள் இருந்து, மூன்று நிதியாண்டுகளுக்கான வரி மதிப்பீட்டு ஆவணங்களைக் காட்டி, 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த மூன்றாண்டுகள் முடியும் முன் 190-க்கோ, முதலாளி வழியாகக் கிடைக்கும் 186-க்கோ மாற முடியாது என்பதை முகவர்கள் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே 485 பட்டதாரி விசாவில் இருக்கும் காலத்தில் உங்கள் துறையிலேயே தெற்கு ஆஸ்திரேலியாவில் வேலை தேடிக்கொண்டு, 190-க்கு முயலுங்கள். ஓராண்டு அனுபவத்துக்குத் தனியே 5 புள்ளிகள் உண்டு; அந்த மாநிலத்தில் படித்த பட்டதாரிகளுக்கென்று நியமனப் பிரிவும் இருக்கிறது. இடையில் 491-க்கு அழைப்பு வந்தால், அடிலெய்டிலேயே இருக்க மனமிருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சிட்னிதான் இலக்கு என்றால் அது உங்களுக்கான விசா அல்ல.

குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்ற சித்தப்பா, மாமா, அத்தை, உடன்பிறந்தோர் யாரேனும் பிராந்தியப் பகுதியில் வசித்தால், மாநில நியமனம் இல்லாமலே 491-க்கு அவர்கள் உங்களுக்குப் பொறுப்பேற்கலாம். அதற்கும் அதே 15 புள்ளிகள்தான்.

அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள்களே உண்டு. பொறியாளர்களின் தகுதியை மதிப்பிடும் எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பின் திறன் மதிப்பீடும் ஆங்கிலத் தேர்வு முடிவும் அழைப்பு வரும் நாளிலேயே கையில் இருந்தாக வேண்டும். எனவே பட்டச் சான்று கிடைத்தவுடன் அந்த மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.