விருந்தாளி வேண்டாம், பிள்ளை வரட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல ஆண்டுகளாக ஜெர்மன் மாணவர்களுக்குத் தங்க வீடு பார்த்துக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை, மாணவர் பரிமாற்றம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். செப்டம்பரில் 16 வயது ஜெர்மன் பெண் ஒருத்தி எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வருகிறாள். அது புரட்டாசி; நாங்கள் கவிச்சி தொடமாட்டோம். அவளுக்கு மட்டும் வெளியடுப்பில் கோழி சமைத்துத் தரலாம் என்கிறார் மாமியார். எங்கள் படுக்கையறையையும் அவளுக்கே ஒழித்துக் கொடுக்கப்போகிறோம். வேறென்ன செய்யவேண்டும்?
— சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய்

முதலில் அந்தக் கோழியை விட்டுவிடுங்கள் அம்மா. புரட்டாசியில் உங்கள் வீட்டில் என்ன வேகிறதோ அதையே அவளும் சாப்பிடட்டும். இறைச்சி வேண்டாம் என்று தானாகவே முடிவெடுத்த பிள்ளைகள் ஜெர்மனியில் நிறைய இருக்கிறார்கள். வருவதற்கு முன்பே கடிதத்தில் எழுதிவிட்டால் போதும்: "இந்த மாதம் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, காரணம் இது." அவளுக்கு அதில் ஒரு குறையும் தோன்றாது. தனியடுப்பு மூட்டினால்தான் தோன்றும்.

படுக்கையறையும் வேண்டாம். உங்கள் மகளின் அறையில் இன்னொரு கட்டில் போடுங்கள். அவளை அனுப்பும் பரிமாற்ற அமைப்பு தனிக் கட்டில்தான் கேட்கும், அரண்மனை கேட்காது. இரண்டாவது வாரத்திலிருந்து தட்டு கழுவுவது, துணி காயப்போடுவது என்று ஒரு வேலையை அவளிடம் ஒப்படைத்துவிடுங்கள். நம் வீடுகளுக்கு வந்த பிள்ளைகள் வாடிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். பட்டினியால் அல்ல, உபசாரத்தால். காலையிலிருந்து இரவு வரை "நீ உட்கார், நீ சாப்பிடு" என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் அது தன் வீடாகத் தோன்றும்?

சாப்பாட்டு மேசையில் இன்னொரு சங்கடம். அவள் "போதும்" என்றால் போதும்தான். மூன்று முறை வற்புறுத்தினால் தன் பேச்சை நாம் மதிக்கவில்லை என்று நினைப்பாள். நம் பிள்ளைகள் அங்கே போனால் கதை தலைகீழ். மரியாதைக்கு ஒருமுறை "வேண்டாம்" என்பார்கள்; அந்த வீட்டம்மா பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். பல ஜெர்மன் வீடுகளில் இரவுச் சாப்பாடு என்பதே ரொட்டியும் சீஸும் வெள்ளரிக்காயும்தான். அடுப்பு எரியாத இரவைப் பார்த்து நம் பிள்ளை மனம் உடைந்துவிடக்கூடாது.

உண்மையான சண்டை வெளியே போவதில்தான் வரும். அந்தப் பெண் சொந்த ஊரில் டிராமிலும் சைக்கிளிலும் தனியாகப் போய்வந்து பழகியவள். இங்கே மூலைக்கடைக்குக்கூடக் கார் எடுக்கிறோம். மூன்றாம் நாளே "நான் நடந்து போகிறேன்" என்பாள். "பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் நீங்கள் கெடுபிடிக்காரி என்று முடிவுகட்டிவிடுவாள். வந்த முதல் நாளே எந்தத் தெருவில் நடக்கலாம், எந்த நேரத்திற்கு மேல் கூடாது, டாக்சி யாரோடு ஏறலாம் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கும் அதே சட்டம் என்றால் அவள் ஏற்றுக்கொள்வாள். மகனுக்கு ஒரு சட்டம், பெண்களுக்கு ஒரு சட்டம் என்றால் கேள்வி கேட்பாள். அவள் கேட்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

என் மகள் ஓராண்டு ஜெர்மனிக்குப் போக ஆசைப்படுகிறாள். அங்கே 16 வயதில் பீர் குடிக்கலாமாமே, உண்மையா?
— டோங்காட்டிலிருந்து ஒரு தந்தை

உண்மைதான் ஐயா. பீரும் வைனும் 16 வயதில், மற்ற மது வகைகள் 18 வயதில் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆனால் பரிமாற்ற அமைப்புகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. ரோட்டரி சங்கத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் மது, போதைப்பொருள், வண்டி ஓட்டுதல், காதல் நான்குமே கூடாது என்பது நெடுநாளைய விதி. உங்கள் வீட்டு விதியையும் சேர்த்து ஜெர்மன் குடும்பத்துக்கு நீங்களே எழுதுங்கள். அந்த வீட்டார் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பீரைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது விசா. தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டில் 90 நாளுக்கு மேல் தங்குவதென்றால் புறப்படும் முன்பே தேசிய விசா வாங்கவேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் தாய், தந்தை இருவரின் ஒப்புதலும் கேட்பார்கள். தந்தை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் என்று இருக்கும் குடும்பங்கள் இந்தக் கையெழுத்தில்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன.

நான் பத்தாம் வகுப்பு. அப்பாவால் பெரிய தொகை கட்டமுடியாது. எனக்கு வழி உண்டா?
— பீனிக்ஸிலிருந்து ஒரு மாணவன்

உண்டு தம்பி. ஜெர்மனியில் விருந்தோம்பும் குடும்பங்கள் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. செலவெல்லாம் விமான டிக்கெட், காப்பீடு, விசா, அமைப்பின் கட்டணம் ஆகியவற்றில்தான். ரோட்டரி வழியாகப் போனால் அங்குள்ள சங்கம் மாதாமாதம் கைச்செலவுக்கும் கொடுக்கும். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். நம் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அவர்களுடையது ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். நடுவில் போனால் இங்கே ஒரு வகுப்பு பின்தங்கலாம். தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டுவிடு.

மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டுப் போவதுதான் உனக்குச் சுலபம் என்பேன். 'வெல்ட்வேர்ட்ஸ்' என்று ஜெர்மன் அரசின் தொண்டர் திட்டம் இருக்கிறது, 2008 முதல் நடக்கிறது. வயது 18 முதல் 28 வரை. அதில் நம்முடையது போன்ற வளரும் நாடுகளிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் பிரிவும் உண்டு. ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் ஓ பேர் வேலைக்குப் பையன்களும் போகலாம். அதற்கு ஏ1 எனப்படும் தொடக்கநிலை ஜெர்மன் வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிலையம் இருக்கிறது.

நமக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைகளை அனுப்ப ஏன் அந்த நாடு?
— இசிப்பிங்கோவிலிருந்து ஒரு பாட்டி

பாட்டி, பைன்டவுன் பக்கத்தில் நியூ ஜெர்மனி என்று ஓர் ஊர் இருக்கிறதே, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பருத்தி பயிரிட 1848-இல் அழைத்துவரப்பட்ட ஜெர்மன் குடும்பங்கள் அமைத்த ஊர் அது. பருத்தி பொய்த்தது, காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவர்களை முதலில் ஏற்றிவந்த 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து வந்து சேர்ந்தது 1860-இல்தான். அதற்கும் முன்னால், 1706-இலேயே சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடிக்கு வந்து, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சாயிற்று.

மகன் போன வாரம் ஹாம்பர்க் போனான். தினமும் அழைக்கிறேன், அவன் எடுப்பதில்லை. அந்த வீட்டில் ஏதோ சரியில்லையோ?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தாய்

தினமும் அழைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள், அங்கே கடைகள் மூடியிருக்கும், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அவர்களுடைய கோடைக்காலத்தில் நம் மணியும் அவர்கள் மணியும் ஒன்றே. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை அவர்கள் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பார்கள்.

உண்மையாகவே சரியில்லை என்றால் அவனே உள்ளூர் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லட்டும். வீடு மாற்றிக் கொடுப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. ரோட்டரியில் ஓராண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்குவதே வழக்கம். நீங்கள் திரும்பி வரும் டிக்கெட்டைத் தேட ஆரம்பிக்கவேண்டாம்.