இளங்கன்று வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறக்க வேண்டும் என்கிறார்கள். அதுவரை கன்றைக் காக்க வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களைக் கருவிலேயே பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. ஆகவே கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு சீம்பாலில் இருந்துதான் வர வேண்டும். அவற்றை உறிஞ்சும் திறன் கன்றின் குடலில் பிறந்தவுடன் மிகுதியாக இருந்து, 6 மணி நேரத்துக்குப் பின் வேகமாகக் குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், முதல் நாளிலேயே உள்ளே போக வேண்டும். அதில் பாதியை முதல் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தானே எழுந்து குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். மடி தொங்கிய பசுவின் அடியில் நிற்கும் கன்று, காம்பை விட்டுவிட்டு முன்னங்கால்களுக்கு நடுவே முட்டி முட்டித் தேடிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தாய்ப்பசு இறந்துவிட்டால் சீம்பாலுக்கு என்ன செய்வது?

பதில்: அதே பண்ணையில் அண்மையில் ஈன்ற, நோயற்ற வேறொரு பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம். நிறையக் கறக்கும்போது மிகுந்ததை உறைய வைத்திருப்பது இத்தகைய நேரத்தில் உயிரைக் காக்கும். உறைந்ததை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் நோய் எதிர்ப்புப் பொருள்கள் சிதைந்துவிடும். 50 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்து இளக்குங்கள்.

கேள்வி: தொப்புள்கொடிக்கு மஞ்சள் தடவினால் போதுமா?

பதில்: போதாது. பிறந்தவுடனே 7 விழுக்காடு டிங்சர் அயோடினில் கொடி முழுவதும் நனையும்படி தோய்த்து, காயும்வரை தினமும் பாருங்கள். தொப்புள் வீங்கிச் சூடாக இருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

கேள்வி: கொட்டிலைத் தினமும் இருவேளை கழுவுகிறோம். ஆனாலும் கன்றுகளுக்கு இருமலும் மூக்கில் சளியும் ஓயவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் கழுவும் அந்த நீரே காரணமாக இருக்கலாம். கன்று படுக்கும் இடத்தில் ஒரு நிமிடம் மண்டியிட்டு உட்கார்ந்து பாருங்கள். எழும்போது முழங்காலில் துணி நனைந்திருந்தால், கன்று பகலும் இரவும் அந்த ஈரத்திலேயே கிடக்கிறது என்று பொருள். அப்படியே குனிந்தபடி மூச்சை இழுங்கள். நிற்கும்போது நமக்குத் தெரியாத மூத்திர நெடி, கன்றின் மூக்கு இருக்கும் உயரத்தில் கண்ணை எரிக்கும். அந்த அம்மோனியா மூச்சுப்பாதையின் உட்படலத்தைப் புண்ணாக்குகிறது. பிறகு நுரையீரல் அழற்சிக்குக் கிருமிகள் எளிதாக வழி கண்டுவிடுகின்றன. கன்று உள்ளே இருக்கும்போது தரையைக் கழுவாமல், நனைந்த வைக்கோலை அள்ளிவிட்டுக் காய்ந்ததைத் தடிப்பாகப் பரப்புங்கள். தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கட்டும். குளிர்காற்று கன்றின் மேல் நேராக வீசாதபடி கீழே தடுப்பும், கெட்ட காற்று வெளியேற மேலே திறப்பும் வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாப் பக்கமும் சாக்கால் மூடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. பால் மறக்கும்வரை ஒவ்வொரு கன்றையும் தனித் தடுப்பிலோ ஒத்த வயதுடைய சிறு குழுவிலோ வைத்து, வளர்ந்த மாடுகளிடமிருந்து விலக்கி வையுங்கள். வேலையை எப்போதும் மிக இளைய கன்றில் தொடங்கி, நோயுற்ற கன்றில் முடியுங்கள்.

கேள்வி: கழிச்சல் கண்டால் பாலை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்தினால் கன்று பட்டினியால் தளர்ந்துபோகும். கழிச்சலில் பெரும்பாலான கன்றுகள் சாவது நீரும் உப்பும் இழப்பதால்தான். வழக்கமான பாலைத் தொடர்ந்து கொடுத்து, இடைப்பட்ட வேளைகளில் கன்றுகளுக்கான உப்புச்சத்துக் கரைசலைத் தனியாகக் கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். மடிப்பாகவே நின்றாலோ, கண் குழிவிழுந்தாலோ, கன்று எழ மறுத்தாலோ இரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால் மருத்துவரை உடனே அழையுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியை நீங்களாகவே கொடுக்க வேண்டாம். இளங்கன்றுக் கழிச்சலில் பல வைரஸாலும் ஒட்டுண்ணியாலும் வருபவை.

கேள்வி: எப்போது பால் மறக்கச் செய்யலாம்?

பதில்: வயதைவிடத் தீவனத்தைப் பாருங்கள். முதல் வாரத்திலிருந்தே கைப்பிடி அளவு கன்றுத்தீவனமும் தூய நீரும் எட்டும்படி இருக்கட்டும். அந்தத் தீவனத்திலுள்ள தானியம் நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்களே அசைவயிற்றின், அதாவது மாட்டின் முதல் பெரிய இரைப்பையின், உட்சுவரை வளர்க்கின்றன. வைக்கோலால் மட்டும் அது நடவாது. மூன்று நாள் தொடர்ந்து நாளொன்றுக்கு 1 கிலோ அளவில் கன்றுத்தீவனம் தின்றால், பாலைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

கேள்வி: எருமைக்கன்றுக்கு இரண்டு வாரத்திலேயே குடற்புழு மருந்து தேவையா?

பதில்: ஆம். உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே கன்றுக்குள் போய்விடுகின்றன. எனவே 10 முதல் 14 நாளுக்குள், எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.